மிஹ்ராப் சுவரில் ஓடும் கடிகாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் என்று எங்கள் கடலோரப் பள்ளிவாசல்கள் பலவற்றில் 'செல்போனை அணைத்து வைக்கவும்' என்ற பலகை வாசலிலேயே இருக்கிறது. தொழுகையில் கவனம் சிதறாமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் உள்ளே, இமாமுக்கு நேர் மேலே மிஹ்ராப் (இமாம் நின்று தொழவைக்கும் மாடம்) சுவரில், சிவப்பு எழுத்தில் நொடிகள் ஓடும் டிஜிட்டல் கடிகாரத்தை மாட்டியவர்கள் நாம்தானே? ருகூவிலிருந்து (குனிந்த நிலையிலிருந்து) நிமிர்ந்தால் கண் முதலில் போய் விழுவது அதில்தான். இகாமத் (தொழுகை தொடங்கும் அழைப்பு) நேரம் பார்க்கத்தான் கடிகாரம். அதைப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டினாலும் நேரம் தெரியும்.

வேலைப்பாடுள்ள போர்வை ஒன்றை அணிந்து தொழுத நபிகள் நாயகம் (ஸல்), அது கவனத்தை இழுத்ததால், தொழுது முடித்ததும் அதை அபூஜஹ்மிடம் கொடுத்துவிட்டு அவருடைய சாதாரணப் போர்வையை வாங்கிவரச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகள் இரண்டிலும் உள்ள செய்தி இது. நாமோ நெற்றி படும் இடத்திலேயே மினாராவும் பூக்கொடியும் போட்ட கம்பளத்தை விரிக்கிறோம். அடுத்த முறை கம்பளம் மாற்றும்போது பள்ளிவாசல் நிர்வாகிகளான முத்தவல்லிகள் ஒரே நிறத்தில் வாங்கலாம். ஸப்பு (தொழுகை வரிசை) நேராக நிற்க ஒரு கோடு போதும்.

போன் விஷயத்திலும் பாதிதான் செய்கிறோம். சைலண்டில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் அலாரம் அடிக்கும். பாங்கு சொல்லும் ஆப்பே நடுத்தொழுகையில் பாங்கு சொன்ன கூத்தும் உண்டு. உளூ செய்யும் (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும்) இடத்திலேயே சுவிட்ச் ஆஃப் செய்துவிடுவது உத்தமம். மறந்துபோய் மணி அடித்தால், தொழுகை முறிந்துவிடுமோ என்று பயந்து அது ஓயும் வரை கட்டிய கையோடு நிற்கிறார்கள். ஸப்பு முழுவதும் அந்தப் பாட்டைக் கேட்கிறது. ஷாபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) தேவையில்லாத பெரிய அசைவுகள் தொடர்ந்து மூன்று வந்தால்தான் தொழுகை முறியும். பைக்கு மேலாகவே பக்கவாட்டுப் பொத்தானை ஒருமுறை அழுத்துவதால் ஒன்றும் ஆகாது. எடுப்பது, யார் என்று பார்ப்பது, திரும்பப் பையில் போடுவது என்று போனால்தான் வம்பு.

பசியும் அப்படித்தான். சாப்பாடு வந்துவிட்ட நிலையிலும், மலஜலத்தை அடக்கிக்கொண்டும் தொழுகை இல்லை என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். ரமலானில் கஞ்சியும் வடையும் முற்றத்தில் ஆறிக்கொண்டிருக்க, பாங்கு சொன்ன கையோடு இகாமத் சொன்னால் மனம் எங்கே இருக்கும்? மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) மட்டும் பத்து நிமிடம் விடுங்கள். கஞ்சியைக் குடித்து, வாய் கொப்பளித்து, நிதானமாக வந்து நிற்கலாம். கரையிலிருந்து அஸருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) ஓடி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓடாமல் நடந்தே வரச் சொல்லித்தான் ஹதீஸ் இருக்கிறது. கிடைத்த ரக்அத்தை (தொழுகையின் ஒரு சுற்றை)த் தொழுது, விட்டதை எழுந்து நிறைவு செய்துகொள்ளலாம். மூச்சு வாங்கிக்கொண்டு கட்டும் தக்பீரில் (தொழுகையைத் தொடங்கும் 'அல்லாஹு அக்பர்') நிய்யத்தே (தொழும் எண்ணமே) தடுமாறும்.

தக்பீர் கட்டிய பிறகு பார்வை ஸஜ்தா செய்யும் (நெற்றியைத் தரையில் வைக்கும்) இடத்தில். உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தில் நீட்டிய விரலில். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் ஏழு வசனங்களையும் ஒரே மூச்சில் ஓதாமல் ஒவ்வொன்றிலும் நிறுத்துங்கள். எல்லா ரக்அத்திலும் 'குல்ஹுவல்லாஹு' சூராவை (அத்தியாயத்தை) மட்டுமே ஓதுகிறவருக்கு நாக்கு தானாக ஓடும், மனம் மீன் விலைக்குப் போய்விடும். குர்ஆனின் கடைசி ஜுஸ்உவில் (பாகத்தில்) 37 சூராக்கள் இருக்கின்றன. சிறியதாக ஒன்றைப் பொருளோடு புதிதாக மனனம் செய்து ஓதிப் பாருங்கள். ருகூவிலும் ஸஜ்தாவிலும் ஒரு 'சுப்ஹானல்லாஹ்' சொல்லும் நேரமாவது உறுப்புகள் அசையாமல் அடங்க வேண்டும். இது விட்டுப்போனால் தொழுகையே நிறைவேறாது. தராவீஹில் (ரமலான் இரவுத் தொழுகையில்) அதிகம் விட்டுப்போவது இதுதான்.

தொழுதது மூன்று ரக்அத்தா நான்கா என்று சந்தேகம் வந்தால் மூன்று என்று வைத்து இன்னொன்று தொழுது, ஸலாமுக்கு முன் இரண்டு ஸஜ்தா செய்தால் போதும். முதலிலிருந்து திரும்பத் தொழுவது வஸ்வாஸை (வீண் சந்தேகத்தை) வளர்க்கும்.

வீட்டில் தொழும் பெண்களுக்கு இமாமும் இல்லை, ஸப்பும் இல்லை; குக்கர் விசிலும் டிவியும்தான். படம், காலண்டர், கண்ணாடி எதுவும் மாட்டாத கிப்லா (தொழும் திசை)ச் சுவர் ஒன்றை அவர்களுக்கென்று ஒதுக்கிக் கொடுப்பது வீட்டு ஆண்களின் வேலை. அடுப்பை அணைத்துவிட்டே தக்பீர் கட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மத்ரஸா உஸ்தாத் ஒருவர்,
கீழக்கரை.