ஏரியின் மேற்குச் சரிவை விட்டுவைக்க வேண்டி ஒரு திறந்த மடல்

எங்கள் புறநகர் ஏரியின் சீரமைப்புப் பணியைத் திட்டமிட்டுவரும் அலுவலர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

ஏரியைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, சுற்றிலும் நடைபாதை அமைக்கவிருப்பதாக அறிந்தோம். பல ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் இந்தக் கரையில் நடந்துவருபவன் என்ற முறையில் இம்முயற்சியை மனமார வரவேற்கிறேன். கழிவுநீர் கலப்பதைத் தடுப்பதும், வரத்துக் கால்வாயைச் சீர்செய்வதும், மிகைநீர் வெளியேறும் கலங்கலைச் செப்பனிடுவதும் உடனே நடக்க வேண்டியவை. நான் வேண்டுவது ஒன்றுதான்: மேற்குப் பக்கத்தில் நீர் மெல்ல மெல்லத் தரையோடு சேரும் ஆழமற்ற பகுதியைத் தோண்டாமலும், கல் பதித்துக் கரை எழுப்பாமலும் அப்படியே விட்டுவிடுங்கள்.

நம் ஏரிகள் சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கும் அமைப்புகள் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. மதகருகே ஆள் ஆழம் இருந்தால், எதிர்ப்புறம் போகப் போக இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு என்று குறைந்து, கடைசியில் ஈரச் சேறாக முடியும். நான்கு புறமும் செங்குத்தான கரை எழுப்பி, அடிமட்டத்தையும் ஒரே ஆழத்துக்கு வெட்டிவிட்டால், அது ஏரியாக இராமல் பெரிய தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

நீர்ப்பறவைகள் தண்ணீரின் ஆழத்தை ஒட்டியே தங்கள் இடத்தைப் பிரித்துக்கொள்கின்றன. ஆழமான நடுப்பகுதியில் நீர்க்காகங்கள் மூழ்கி மீன் பிடிக்கின்றன. அங்கேயே கூழைக்கடாக்களும் மிதக்கின்றன. புள்ளிமூக்கு வாத்துகளும், குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் பெரும்பாலும் மூழ்கி இரை தேடுவதில்லை. தலையை நீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில்தான் மேய்கின்றன. நெடுங்கால் உள்ளானுக்குத் தன் சிவந்த கால்கள் ஊன்றும் அளவுக்கு மேல் நீர் இருந்தால் பயனில்லை. நீலத்தாழைக்கோழி கோரைத் தண்டைப் பிடுங்கி, ஒரு காலால் ஏந்திப் பிடித்து உண்பதை மேற்குக் கரையோரம் நடக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். கோரை இல்லாத இடத்தில் அதற்கு உணவுமில்லை, ஒளிவிடமுமில்லை.

முக்குளிப்பானைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். ஆழத்தில் மூழ்கி இரை தேடவல்ல இந்தச் சிறு பறவைக்கும் கூடு கட்ட ஓரத்துச் செடிகள் வேண்டும். நீர்ச்செடிகளைக் குவித்து, நாணலோடும் கோரையோடும் பிணைத்து, மிதக்கும் கூட்டை அமைக்கிறது. கூட்டை விட்டு விலகும்போது முட்டைகளை ஈரச் செடிகளால் மூடிவிட்டே செல்கிறது. குஞ்சு பொரித்ததும் அவற்றைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துகிறது. கரையோரச் செடிகளை இயந்திரம் கொண்டு ஒரே நாளில் வழித்தெடுத்தால், அழுகல் குவியலாகத் தெரியும் அந்தக் கூடும் சேர்ந்தே லாரியில் ஏறிவிடும்.

ஆகாயத்தாமரையை அகற்றத்தான் வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி நீர்ப்பரப்பை மூடி, ஒளியையும் உயிர்வளியையும் குறைத்துவிடுகிறது. ஆனால் கோரையும் சம்புப் புல்லும் அல்லியும் அப்படிப்பட்டவை அல்ல. வரத்துக் கால்வாயின் வாயருகே நிற்கும் கோரை, வரும் நீரின் வண்டலைத் தடுத்து நிறுத்துகிறது. தூர்வாரும் செலவைப் பிற்காலத்தில் குறைப்பதும் அதுவே. ஒப்பந்தக்காரருக்கு இந்த வேறுபாட்டை எழுத்தில் தெளிவாகக் கொடுத்துவிடுங்கள். கோரையை வெட்டியே தீரவேண்டிய இடத்திலும் பகுதி பகுதியாக, கூடுகள் இல்லாததை உறுதிசெய்துகொண்ட பிறகே வெட்டச் சொல்லுங்கள்.

கொள்ளளவு குறைந்துவிடும் என்ற கவலை நியாயமானது. எனினும் கணுக்காலளவு நீர் நிற்கும் விளிம்பில் தேங்குவது சிறிதளவே. மதகுப் பக்கத்திலும் நடுவிலும் வண்டலை எடுத்தாலே கொள்ளளவு கூடும் என்பதை உங்கள் கணக்கே காட்டும் என்று நம்புகிறேன். நடைபாதை மூன்று பக்கம் இருந்தால் எங்களுக்குப் போதும். முழுச் சுற்று வேண்டும் என்று கேட்கும் நண்பர்களிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம். உயர்கோபுர விளக்குகளையும் கிழக்குக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இது நம் மண்ணுக்குப் புதிய கோரிக்கையும் அன்று. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரியின் பறவைகளைச் சுடக் கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியரிடம் உரிமை பெற்றார்கள்; பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சென்னைப் பள்ளிக்கரணையும் ஆழமற்ற சதுப்பு நிலமே. அங்கே வரும் பறவைகள் சுற்றியுள்ள சிறிய ஏரிகளிலும் மேய்கின்றன. அவை ஒவ்வொன்றும் தொட்டியானால் பள்ளிக்கரணை ஒன்றே எல்லாவற்றையும் தாங்க இயலாது.

ஆகவே, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் ஏரியின் ஆழக் கோடுகளைக் காட்டும் வரைபடத்தை வார்டு அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுகிறேன். வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் ஜனவரி மாதத்தில், ஒரு காலைப் பொழுதில் உங்கள் பொறியாளர் ஒருவர் மேற்குக் கரைக்கு வந்தால், விட்டுவைக்க வேண்டிய பகுதியின் எல்லையைக் கல் நட்டுக் குறிக்க நாங்களும் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்கரையில் நாள்தோறும் நடக்கும் குடியிருப்பாளர்களுள் ஒருவன்