பழைய கடிதத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு,

2005 ஜூலை 26 மும்பை மழையைப் பற்றி, அதன் பத்தாம் ஆண்டில் நான் எழுதிய கடிதத்தை வெளியிட்டீர்கள். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய மழை. ரயில் நின்றுபோய், தாதரிலிருந்து மாட்டுங்கா வரை மார்பளவுத் தண்ணீரில் டிபன் கேரியரைத் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்தேன் என்று எழுதியிருந்தேன். அப்படி நான் நடக்கவே இல்லையாம்.

போன மாதம் பரணை ஒழித்தபோது, காலஞ்சென்ற என் கணவரின் டைரி கிடைத்தது. 26-ஆம் தேதி: "இவள் வரவில்லை. போனும் இல்லை." மறுநாள்: "மத்தியானம் வந்தாள். ராத்திரி ஆபீஸிலேயே இருந்தாளாம்." தண்ணீரில் நடந்தது கீழ்வீட்டு மாமி! அவர் சொல்லிச் சொல்லி, நான் கேட்டுக் கேட்டு, கதை எப்போது என்னுடையதானதோ.

மகன் சிரித்தான். அவன் மட்டும் என்ன? அன்றிரவு வெள்ளத்தை டிவியில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். "கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி 3" என்கிறது டைரி. காட்டியதும், "சரி, அப்புறம் பார்த்திருப்பேன்" என்று இறங்கிவிட்டான். நான் இரண்டு நாள் டைரியோடு சண்டை போட்டேன்.

மருமகள் உளவியல் படித்தவள். தலையணை, கொட்டாவி, கனவு, குறட்டை, போர்வை, தாலாட்டு என்று வாசித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, ஞாபகமிருப்பதை எழுதச் சொன்னாள். நானும் மகனும் "தூக்கம்" என்று எழுதியிருந்தோம். அவள் அதைச் சொல்லவே இல்லை. 1995-இல் ரோடிகர், மெக்டெர்மட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் இதே மாதிரிப் பட்டியல்களைக் கல்லூரி மாணவர்களிடம் வாசித்தபோது, சொல்லாத வார்த்தையை 40 முதல் 55 சதவீதம் தடவை எழுதினார்களாம். இளவட்டங்களே அப்படி!

மனசு விஷயத்தின் சாரத்தை வைத்துக்கொண்டு, யார் சொன்னது, எங்கே கேட்டது என்பதை நழுவவிடுகிறதாம். பொடி இருக்கும், டப்பாவில் ஒட்டிய சீட்டு இருக்காது. வயதானால் சீட்டு சீக்கிரம் உதிர்கிறது. ஆனால் "எனக்கு நன்றாகத் தெரியும்" என்கிற அடம் மட்டும் குறைவதில்லை.

இடமிருந்தால் திருத்தம் போடுங்கள். நடந்தவர் மாமி, நான் இல்லை. கேரியரை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் கைப்பிடி உள்ளங்கையில் அழுத்தியது இப்போதும் தெரிகிறது.

— ஓய்வுபெற்ற வங்கி ஊழியை, மாட்டுங்கா, மும்பை