பினாங்கு மாப்பிள்ளைக்குப் பள்ளத்தூரிலிருந்து

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாள் ஆகிவிட்டது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நீ எழுதவே இல்லையாம், ஆத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. இங்கே இந்த வருஷம் மழை பரவாயில்லை, கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. என் முழங்கால் பழையபடிதான். மற்றபடி எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ரிட்டையர் ஆன மனுஷன் ராத்திரி பத்து மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விக்கிப்பீடியாவில் அப்படி என்ன எழுதுகிறாய், யாராவது காசு தருகிறார்களா, யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்கிற ஒன்றை எப்படி நம்புவது என்று ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டிருந்தாய்.

காசு கிடையாது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அப்போதே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் மயூரநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், தொழிலால் கட்டடக் கலைஞர், வேலை பார்த்தது வளைகுடா நாட்டில். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கனடாவில் அவருக்கு இயல் விருது கொடுத்தார்கள். அப்படி ஈழத்திலிருந்தும், நம் பக்கமிருந்தும், நீ இருக்கிற மலேசியாவிலிருந்தும், ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து சேர்ந்துதான் 2017 மே மாதம் 1,00,000 கட்டுரையைத் தாண்டினார்கள். முகம் பார்க்காதவர்கள்தான் பெரும்பாலும். நான் இரவில் பாதியில் விட்ட பக்கத்தை நான் தூங்கும்போது டொரண்டோவிலோ எங்கேயோ ஒருவர் எடுத்து ஒழுங்குபடுத்தியிருப்பார், காலையில் பார்த்தால் அத்தனை சந்தோஷமாக இருக்கும்.

நாம் படித்த காலத்தில் நூலகத்தில் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி வரிசையாக நிற்குமே, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்தது, ஞாபகம் இருக்கிறதா? முதல் தொகுதி 1954 இல் வந்தது, கடைசித் தொகுதி வர 1968 ஆனது. அவ்வளவு அறிஞர்கள் உழைத்த அந்த வேலையை இன்றைக்கும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அச்சில் ஏறிவிட்டால் ஏறியதுதான். காரைக்குடி 2024 இல் மாநகராட்சி ஆனதே, கோட்டையூரும் கண்டனூரும் பேரூராட்சி என்ற நிலை போய் அதோடு சேர்ந்தனவே, அந்த ஒரு அரசாணைக்கு எத்தனை பக்கம் மாற வேண்டும் என்று நினைக்கிறாய்? ஊர்ப் பக்கம், மாவட்டப் பக்கம், பேரூராட்சிகளின் பட்டியல், மாநகராட்சிகளின் பட்டியல், கீழே பகுப்புகள் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒருவர் பட்டியலை எடுத்துக்கொண்டார், ஒருவர் வார்ப்புருவை, அதாவது பல பக்கங்களில் ஒரே மாதிரி வருகிற பெட்டியை, நான் நம் பக்கத்து ஊர்களை. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

இனி நம்பிக்கை விஷயம். நீ ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதியவன், உனக்குச் சொன்னால் உடனே பிடிபடும். பேரேட்டில் தப்புப் பதிவு விழுந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவுதான் போட வேண்டும் என்று கடையில் கணக்குப் பார்த்த பழைய அடுத்தாள்கள் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள் இல்லையா, விக்கிப்பீடியாவும் அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ‘வரலாறு’ என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் கட்டுரை பிறந்த நாளிலிருந்து யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த எழுத்தை மாற்றினார்கள் என்பது வரிசையாக நிற்கும். ஒருவன் விஷமத்துக்கு வந்து பக்கத்தையே துடைத்துவிட்டுப் போனாலும் முந்தைய நிலைக்குக் கொண்டுவர ஒரு நிமிஷம் போதும். அவன் துடைத்ததும் பதிவில் இருக்கும், நான் மீட்டதும் இருக்கும். அண்மைய மாற்றங்கள் என்ற பக்கத்தை நாள் முழுக்க யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதற்காக எல்லாக் கட்டுரையும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்காத குறுங்கட்டுரைகள் நிறையக் கிடக்கின்றன, அவற்றில் பிழையும் கிடக்கிறது. ஒரு வரியை நம்பலாமா வேண்டாமா என்பதற்கு அதன் அடியில் சான்று இருக்கிறதா என்று பார், அதுதான் வழி.

இந்தச் சான்று விஷயத்தில்தான் சண்டை, மனஸ்தாபம், எல்லாம். காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் தன் ஊரைப் பற்றி நல்லபடியாக ஒரு கட்டுரை எழுதினான். ‘உலகப் புகழ் பெற்ற’, ‘ஈடு இணையற்ற’ என்று வரிக்கு வரி போட்டிருந்தான். யாரோ ஒரு பயனர் வந்து அந்த அடைமொழிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மூன்று இடத்தில் ‘சான்று தேவை’ என்று குறி வைத்துவிட்டுப் போய்விட்டார். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது, எனக்குப் போன் போட்டு இனிமேல் எழுத மாட்டேன் என்றான். ஒவ்வொரு கட்டுரையோடும் விவாதிப்பதற்கென்று ஒரு பேச்சுப் பக்கம் இருக்கும், அங்கே போய் நேராகக் கேள் என்றேன். கேட்டான். அந்தப் பயனர் பொறுமையாக, உன் ஊரைக் குறைத்துச் சொல்லவில்லை தம்பி, கோயில் எந்த நூற்றாண்டு, ஊருணியை யார் வெட்டினார்கள், இதைச் சொன்னால் படிக்கிறவனே புகழ்ந்துகொள்வான் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பையன் நூலகம் நூலகமாக அலைந்து தலபுராணம், மாவட்ட விவரச்சுவடி எல்லாம் பார்த்து எழுதி இப்போது அந்தக் கட்டுரை எத்தனை நன்றாக இருக்கிறது தெரியுமா! எனக்கு அவன் மேல் அவ்வளவு பெருமை.

செட்டிநாட்டில் எத்தனை ஊர் என்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொள். ஆதியில் 96 என்பார்கள். இப்போது எத்தனை என்றால் ஒரு புத்தகம் 75 என்கிறது, ஒன்று 76, ஒன்று 78. இதில் எது சரி என்று நாமே ஒன்றைப் பொறுக்கி எழுதக் கூடாது. எந்த நூல் என்ன சொல்கிறது என்று பெயரோடு சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். பாரதியார் விஷயமும் அதுதான். 1919 இல் அவர் காரைக்குடிக்கு வந்தார், இந்து மதாபிமான சங்கத்தாரோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார், இதில் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பட்டாலையில்தான் சாப்பிட்டார், எங்கள் முகப்பில்தான் படுத்திருந்தார் என்று சொல்கிற வீடுகள் நம் பக்கம் எத்தனை! அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. தாத்தா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அச்சில் ஒரு வரி காட்டுங்கள், போடுகிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது.

இங்கேதான் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. கண்டாங்கிச் சேலைக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை எழுத அரசு ஆவணம் இருக்கிறது. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல்லை எடுத்துக்கொள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு பூவுக்கும் வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள், சூளையே கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. இவ்வளவு வரைக்கும் பத்திரிகைகளில் வந்திருக்கிறது, எழுதிவிட்டோம். ஆனால் எந்த ஊர் மணல் எதற்கு, மழைக்காலத்தில் கலவையை எப்படி மாற்றுவது, எந்தப் பூவுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அந்தப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் வாயில்தான் இருக்கிறது. அவர்கள் சொன்னதை நான் நேராகக் கொண்டுபோய் விக்கியில் போட முடியாது, சொந்த ஆய்வு கூடாது என்பது விதி. அந்த விதி வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன், இல்லாவிட்டால் ஆளாளுக்குக் கதை எழுதிவிடுவார்கள். அப்படியானால் அந்த அறிவை முதலில் வேறெங்காவது அச்சேற்றியாக வேண்டும், கல்லூரி ஆய்வேட்டிலோ, நல்ல பத்திரிகையிலோ. தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், மாணவர்களைப் பட்டறைக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறார். வேலைக்காரர்கள் வயதாகிக்கொண்டு போகிறார்கள், அதனால்தான் இந்த அவசரம்.

வீடுகள் கதையும் அப்படித்தான். நம் தெருவில் கிழக்குக் கோடியில் இருந்த பெரிய வீட்டைப் பிரித்துவிட்டார்கள். பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. பங்காளிகள் இருபது முப்பது பேர், ஒருவரும் ஊரில் இல்லை, மராமத்துக்கு யார் செலவழிப்பது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரிப்பதற்கு முன்னால் அனுமதி வாங்கி வளவு, இரண்டாம் கட்டு, நிலைக்கு மேலே இருந்த கஜலட்சுமி எல்லாவற்றையும் படம் எடுத்து, எல்லா மொழி விக்கிப்பீடியாவுக்கும் பொதுவான படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றினேன். இப்போது யாரோ ஒருவர் ஜெர்மன் மொழிக் கட்டுரையில் அதில் ஒரு படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்.

அப்புறம் விக்கிமூலம் என்று ஒன்று. பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றியிருப்பார்கள், கம்ப்யூட்டர் அதைப் படித்து எழுத்தாக்கித் தரும், ஆனால் துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்ளும், ஒற்றெழுத்தை விட்டுவிடும். அதை மனுஷன்தான் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், இன்னொருவர் வந்து சரிபார்த்தால்தான் பச்சை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்தது ஏறக்குறைய ஒரு லட்சம் நூலும் இதழும். 1992 இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994 இல் சென்னையிலேயே அவர் பெயரில் நூலகம் ஆயிற்று. பெயிண்டர் கடை வைத்திருந்த ஒரு மனுஷன் சேர்த்ததை வைத்து இன்றைக்கு எத்தனை பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள். அந்த ஊருக்கு இத்தனை பக்கத்தில் பிறந்துவிட்டு நாம் நாளைக்கு இரண்டு பக்கம் மெய்ப்புப் பார்க்கக் கூடாதா?

ஒன்று மட்டும் உன் மகனிடம் சொல்லிவை. செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லி வாங்கி ஒட்டினால் என்ன என்று அவன் கேட்டதாக எழுதியிருந்தாய். 2010 வாக்கில் கூகுள் ஆட்களை வைத்து இயந்திர மொழிபெயர்ப்பு உதவியோடு ஏராளமான கட்டுரைகளை ஏற்றியபோது, நடை படிக்க முடியாமல் இருக்கிறது, தரம் வேண்டும் என்று தமிழ் விக்கிப்பீடியர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். அதைத் துப்புரவு செய்ய எத்தனை காலம் பிடித்தது. இப்போதைய கருவிகள் சரளமாகத்தான் எழுதுகின்றன, ஆனால் இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சான்று காட்டுகின்றன. அந்தப் புத்தகத்தைத் தேடி ஒரு நூலகத்துக்கு நடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவனுக்குத்தான் தெரியும்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். பினாங்கில் தண்ணீர்மலைக் கோவில் இருக்கிறது, பினாங்குத் தெருவில் கோவில் வீடு இருக்கிறது, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வருகிறது. நம் ஊர்களிலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் கட்டியவை. இவற்றைப் பற்றித் தமிழில் இன்னும் விரிவாக எழுத வேண்டும், அதற்கு அங்கே இருக்கிற ஆள் வேண்டும். நீயே எடுத்த படமாக இருக்கட்டும், இன்னொருவர் படத்தை அவர் அனுமதி இல்லாமல் போட முடியாது. பழைய கும்பாபிஷேக மலர், விடுதிகளின் ஆண்டறிக்கை ஏதாவது கிடைத்தால் அட்டையையும் பதிப்பு விவரம் இருக்கிற பக்கத்தையும் சேர்த்து அனுப்பு, அதைச் சான்றாக ஏற்கலாமா என்று பேச்சுப் பக்கத்தில் கேட்டுப் பார்ப்போம். ‘தமிழ் நேசன்’ 1924 இலிருந்து வந்த பத்திரிகை, அதன் பழைய இதழ்கள் அங்கே எந்த நூலகத்தில் பார்க்கக் கிடைக்கிறது என்றும் விசாரி. நம்மவர்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகளைப் பற்றி அதில் செய்தி இருக்க வேண்டும்.

பயனர் கணக்கு தொடங்க ஐந்து நிமிஷம்தான். முதலில் மணல்தொட்டியில் எழுதிப் பழகு, அங்கே என்ன எழுதினாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சந்தேகம் வந்தால் ஆலமரத்தடி என்ற பக்கத்தில் கேள், யாராவது வந்து பதில் சொல்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் உனக்கு ஒழிவு என்றால் வீடியோ காலில் வா, திரையைக் காட்டிச் சொல்லித் தருகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பேரன் பெயரை எழுது, ஆத்தா காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் மச்சான்
பள்ளத்தூர்