அந்தக் கொப்பியில் இருந்த பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சண்டை நடக்கும் நாடுகளில் தேவாலயங்கள் செய்கிற நிவாரண வேலையைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு ஒரு வாசகர் பதில் எழுதியிருந்தார். “சோறு போட்டு ஆள் பிடிக்கிற வேலை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்த நாளிலிருந்து மனசு கேட்கவில்லை. நான் கிறிஸ்தவன் இல்லை. பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்கித் தீ மிதிக்கிறவன். சத்தியமங்கலத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடையால்தான் எனக்கு இந்த விஷயம் தெரிய வந்தது.

எங்கள் பக்கத்தில் பவானிசாகரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் அரசு அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. ஆனால் ஊர்வாயில் இன்னும் அகதி முகாம்தான். அங்கே இருக்கிற ஆம்பளைகளில் பாதிப் பேருக்குப் பெயின்டிங்தான் பிழைப்பு. பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டு அவர்கள் முடிக்கிற சுவரைத் தடவிப் பார்த்தாலே வேலை தெரியும். அப்படிப் பழக்கமான ஒருவர், மன்னார்ப் பக்கத்துக்காரர், இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

ஒருமுறை கணக்கு முடிக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் நிலையின் மேலே இரண்டு சின்னத் துணி முடிச்சுகள் தொங்கின. ஒன்று எனக்குத் தெரிந்தது. பண்ணாரியில் திருநீறுக்குப் பதிலாகக் கொடுக்கிற புற்று மண். இன்னொன்று துணியே நைந்து நிறம் மாறிப் போயிருந்தது. என்னங்கண்ணா இது என்றேன். “மடு மண் அண்ணை. அம்மா படகில வரேக்க மடியில கட்டிக்கொண்டு வந்தது” என்றார்.

மன்னார்க் காட்டுக்குள் இருக்கிறது மடு மாதா கோயில். அந்த மண் இருந்தால் பாம்பு அண்டாது என்று அந்தப் பக்கத்து இந்துக்களும் நம்புகிறார்கள். 1990இல் மறுபடி சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தக் கோயில் வளாகத்தில் போய் விழுந்தன. ஐ.நா. அகதிகள் அமைப்பும் அங்கே ஒரு நிவாரண மையம் திறந்தது. இவர் குடும்பமும் அங்கேதான். மரத்தடியில் ஒரு தரப்பாள் கொட்டில், அதாவது தார்ப்பாய்க் குடிசை, ஒன்பது வருஷம்.

அந்த ஒன்பது வருஷத்தைப் பற்றி அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். ராத்திரியில் ஒரு பாதர் டார்ச் லைட்டும் நோட்டுமாகக் கொட்டில் கொட்டிலாக வருவாராம். எத்தனை பேர், யாருக்குக் காய்ச்சல், நேற்று இருந்த பையன் எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டு போவாராம். என்ன சாமி கும்பிடுகிறாய் என்று அந்த நோட்டில் எழுத இடமே இல்லையாம். “ஒருத்தரும் எங்களைத் தேடேல்ல அண்ணை. அந்தக் கொப்பியில எங்கட பேர் இருந்தது” என்றார். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

1999 நவம்பரில் அந்தக் கோயில் வளாகத்திலேயே ஷெல் விழுந்து நாற்பது பேர் அளவில் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் இவர்கள் படகு ஏறியது.

ஆள் பிடிக்கிற வேலை என்று எழுதியவருக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கஞ்சி ஊற்றிவிட்டுத் திரும்பிப் போகிறவரை வேண்டுமானால் நீங்கள் சந்தேகப்படலாம். குண்டு விழும்போதும் கூடவே இருந்தவரை என்னவென்று சந்தேகப்படுவது? 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில் புனித பேதுருவானவர் தேவாலயத்தின் மேல் விமானம் குண்டு போட்டது. கோயில்களிலும் தேவாலயங்களிலும் ஒதுங்கச் சொல்லி ராணுவமே துண்டுப் பிரசுரம் போட்டிருந்ததை நம்பி வந்த ஜனங்கள். 120 பேருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்திலேயே இருந்த சின்னக் கதிர்காம முருகன் கோயிலிலும் ஜனங்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். குண்டுக்கு இரண்டு கோயிலும் ஒன்றாகத்தான் இருந்தது. 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணம் பக்கத்து அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுன், ஷெல்லடிக்குத் தப்ப ஆலயத்துக்குள் வந்த ஜனங்களைக் காப்பாற்ற ஓடியவர். அடுத்த வாரமே அவரும் அவரோடு போனவரும் காணாமல் போனார்கள். இன்றுவரை பதில் இல்லை.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் அவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைக்காரனான எனக்கு அவர் போட்ட கணக்கு மறக்காது. 2008 அக்டோபரில், வடக்கே சண்டை நடந்த வன்னியில் இருந்தவர்கள் கச்சேரி என்கிற மாவட்ட அரசு அலுவலகக் கணக்கிலேயே 4,29,059 பேர். சண்டை முடிந்து வெளியே வந்ததாக ஐ.நா. கணக்கு 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே என்று 2011இல் அரசின் விசாரணைக் குழு முன்னால் உட்கார்ந்து கேட்டார். இரண்டு எண்ணைக் கழிக்க எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நாட்டில், அந்த நேரத்தில், அந்த விடையை வாய்விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை. 2021 ஏப்ரலில் அவர் காலமானபோது எங்கள் பெயின்டர் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

எல்லா ஆயர்களும் இப்படி இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இலங்கையின் தெற்கில் இருந்த பலர் வாய் திறக்கத் தயங்கினார்கள். உதவியோடு சேர்த்துத் துண்டுப் பிரசுரம் நீட்டுகிற கூட்டமும் உலகத்தில் உண்டு, அது தப்பு என்றுதான் நானும் சொல்வேன். அதற்காக, கூடவே இருந்து செத்தவர்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது பாவம்.

இன்றைக்குக் காசாவிலும் இதே கதைதான். அங்கே திருக்குடும்ப ஆலய வளாகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் தஞ்சம் புகுந்தார்கள். அன்னை தெரசா சபைச் சகோதரிகள் அங்கே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளில் முஸ்லிம்கள்தான் அதிகம். போப் பிரான்சிஸ் சாகிற வரைக்கும் ஏறக்குறைய தினமும் ராத்திரி அங்கே போன் போட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். 2025 ஜூலை 17 அன்று அந்த ஆலயமும் அடிபட்டது. மூன்று பேர் இறந்தார்கள், பங்குத்தந்தைக்குக் காலில் காயம். ஆகஸ்டில் காசா நகரத்தையே காலி பண்ணச் சொன்னபோது, நடக்க முடியாதவர்களையும் வயசானவர்களையும் விட்டுவிட்டு வர மாட்டோம் என்று குருக்களும் கன்னியர்களும் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

அந்த வாசகருக்கு என்மேல் கோபம் வரலாம், பரவாயில்லை. உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. நம் கொங்குப் பக்கத்து முகாம்களில் மடுவையும் நவாலியையும் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டும் வருகிறார்கள். எங்கள் பெயின்டரின் அம்மா போன தையில் இறந்துவிட்டார். நோட்டோடு வந்த அந்தப் பாதரின் பெயர் அந்தம்மாவுக்குத்தான் தெரியும். உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, மிச்சம் இருப்பவர்கள் சொல்வதையாவது எழுதி வையுங்கள்.

அக்டோபரில் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை கோயில் தேருக்குப் பெயின்டர் தவறாமல் போவார். மடுத் திருவிழாவுக்குப் போக முடியாத குறைக்கு இது என்பார். இந்த வருஷம் நான் வண்டி எடுக்கிறேன், அவர் வீட்டுக்காரம்மாவும் வருகிறார். பின்சீட்டில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. உங்கள் ஆள் யாராவது வருவதாக இருந்தால் முதல் நாள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பெயின்ட் கடைக்காரர் ஒருவர்,
சத்தியமங்கலம்