நீ விட்டுப்போன அட்டைப்பெட்டி

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. சித்தப்பா விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு.

உன் அட்டைப்பெட்டியைத் திறந்துவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுத்தான் திறந்திருக்க வேண்டும், ஆனால் கேட்பதற்கு நீ போனை எடுக்க வேண்டுமே. உள்ளே இருந்ததெல்லாம் போர் வரலாறு. தினம் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து எகிப்திலிருந்து முதல் உலகப் போர் வரைக்கும் வந்துவிட்டேன். "சண்டையைப் படித்து என்னடா செய்யப்போகிறாய்" என்று உன்னிடம் கேட்ட அதே ஆள்தான். சிரித்துக்கொள்.

காதேஷ் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. கி.மு. 1274 வாக்கில் எகிப்து மன்னன் ராமேசஸும், இன்றைய துருக்கிப் பக்கத்து ஹிட்டைட் அரசனும் தேர்ப்படைகளோடு மோதினார்கள். யாரும் தெளிவாக ஜெயிக்கவில்லை. ராமேசஸ் ஊருக்குத் திரும்பிக் கோயில் சுவர் சுவராகத் தான் ஜெயித்ததாகச் செதுக்கி வைத்தான். அந்தப் பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. சமாதான உடன்படிக்கை வர ஏறத்தாழ பதினைந்து வருஷம் ஆயிற்றாம். அவ்வளவு காலம் என்னிடம் இல்லை, தம்பி.

சரி, ரோமும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்த கார்த்தேஜின் தளபதி ஹானிபாலும் மோதிய கன்னே சண்டைக்கு வருகிறேன். அம்மாவின் பட்டன் டப்பாவைத் தரையில் கொட்டி எனக்கு நீ அதை விளக்கியது நினைவிருக்கிறதா? உனக்குப் பத்து வயசு. கறுப்பு பட்டனெல்லாம் ரோம், வெள்ளையெல்லாம் ஹானிபால். வெள்ளையின் நடுவரிசை வெளிப்பக்கம் பிறை மாதிரி வளைந்து நின்றது. கறுப்பு தள்ளத் தள்ள, ஒவ்வொரு பட்டனாக விரலால் பின்னுக்கு இழுத்தாய். நான், "உன் ஆட்கள் ஓடுகிறார்களே" என்றேன். "பாருங்கப்பா" என்று சொல்லி இரண்டு ஓரத்திலிருந்த பட்டன்களை உள்பக்கம் திருப்பினாய். பிறகு கோட்டு பட்டன் நாலைக் குதிரைப்படை என்று பின்னால் கொண்டுவந்து மூடினாய். கறுப்புக்கு நகர இடமில்லை. அன்றைக்கு ஆபீஸில் பார்த்தவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றிச் சொன்னேன். உன்னிடம் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை.

அந்தச் சண்டைக்குப் பிறகு நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. கி.மு. 216இல் ஒரே பகலில் ரோம் தரப்பில் 48,000 பேருக்கு மேல் செத்ததாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ரோமின் இரண்டு தளபதிகளில் ஒருவர் அங்கேயே விழுந்துவிட்டார். தப்பித்தவர் வாரோ. மிச்சப் படையைத் தேற்றிவிட்டு அவர் ரோமுக்கு வருகிறார். எல்லாத் தரப்பு ஜனங்களும் எதிரே போய் அவரை வரவேற்றார்களாம், நாட்டைப் பற்றி நம்பிக்கை இழக்காமல் இருந்ததற்காக நன்றியும் சொன்னார்களாம். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தளபதிக்குக் கிடைத்த மரியாதை சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. உயிர் தப்பிய சிப்பாய்களை சிசிலிக்கு அனுப்பி, யுத்தம் முடியும்வரை வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று வைத்துவிட்டார்கள். கடைசியில் சிபியோ என்ற ரோமத் தளபதிதான் அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போனான். கி.மு. 202இல் ஜாமாவில் ஹானிபாலைத் தோற்கடித்த படையில் அந்த ஆட்களும் இருந்தார்கள்.

நீ யூனிவர்சிட்டியிலிருந்து விலகியதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. அம்மாவும் கேட்க மாட்டாள். நான்கு வருஷம் என்பது சின்ன விஷயமில்லை, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முடிவெடுத்திருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது. அதையும் விடு. சாப்பிடுகிறாயா?

மினார் என்ற பிரெஞ்சு இன்ஜினியர் 1869இல் வரைந்த படம், நீ மடித்து உள்ளே சொருகி வைத்திருந்தது, இப்போது என் மேஜையில் இருக்கிறது. 1812இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குப் போன படையை ஒரு பட்டையாக வரைந்திருக்கிறார். பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். புறப்படும்போது 4,22,000 பேர், அதாவது நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். திரும்பி வந்தது 10,000 பேர், பென்சில் கோடு மாதிரி ஒரு கறுப்புக் கீற்று. கீழே குளிரின் கணக்கு. குளிர்தான் கொன்றது என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் மாஸ்கோ சேரும்போதே பட்டை ஒரு லட்சத்துக்கு வந்துவிட்டது. வழியில் பிரித்து அனுப்பியவர்களைக் கழித்தாலும், பசியும் டைஃபஸ் காய்ச்சலும் படையை விட்டு ஓடியதுமாக, பனி விழுவதற்கு முன்பே பெரும்பகுதி கரைந்துபோயிருக்கிறது. முன்னேறுகிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இழந்திருக்கிறார்கள்.

போன வருஷம் நீ அனுப்பிய போட்டோவில் சட்டை தோளில் தொங்கியது. அம்மா சொன்னாள். படிக்கிற பையன் அப்படித்தான் இருப்பான் என்று அவள் வாயை அடைத்தது நான்.

அப்புறம் ஹாரி ஃபார். அவனைப் பற்றிய பக்கத்தில் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். பிரிட்டிஷ் சிப்பாய். 1915இல் குண்டுச் சத்தத்தில் உடம்பு நடுங்கி ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். மறுபடி முன்வரிசைக்கு அனுப்பினார்கள். 1916இல் போக மறுத்தபோது அவன் சொன்னது, தாங்க முடியவில்லை என்பதுதான். விசாரணைக் குறிப்பிலேயே இருக்கிறது. கோழை என்று தீர்ப்பெழுதிச் சுட்டுவிட்டார்கள். வயசு 25. அவனையும் சேர்த்து 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கினார்கள். அவன் மகள் அதற்காகப் போராடி, தொண்ணூறு வயசு தாண்டிய பிறகு அதைக் கேட்டாள்.

மார்ச் மாதம் நீ போனில் "முடியலப்பா" என்றாய். இரண்டு தடவை சொன்னாய். நான் என்ன வார்த்தை சொன்னேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அம்மாவிடம், லைன் கட்டாகிவிட்டது என்று பொய் சொன்னேன். இன்றுவரை அவள் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். என் அப்பா என்னிடம் சொன்ன அதே வார்த்தை அது, தம்பி. நான் இன்ஜினியரிங் விட்ட வருஷம், வாசலில் வைத்து, நாலு பேர் எதிரில். அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. டிகிரி முடித்தவன் மாதிரியேதான் உன்னிடம் பேசிவந்திருக்கிறேன். அந்த வார்த்தை எப்படி உள்ளே போகும் என்று தெரிந்தும் உன்மேல் எறிந்தேன்.

ஹாரி ஃபார் பக்கத்தின் ஓரத்தில் நீ பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறாய். இரண்டு வார்த்தை. முதலாவது "அப்பா" என்று படுகிறது, இரண்டாவது அழிந்துபோயிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன். அது என்ன என்று சொல்லேன். போனில் வேண்டாமென்றால் ஒரு கார்டில் எழுது.

ராத்திரி விழித்திருக்காதே.

அப்பா