ஈயக்குண்டுக்குச் சங்கத்தில் பொது அச்சு

யாழ்ப்பாணக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்மாருக்கும் செயலாளர்மாருக்கும் வணக்கம்.

பாசையூரில் தூண்டில் தொழில் செய்யும் வீட்டில் பிறந்தவன் நான். என் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. பதினாலு வயதில் வந்தது. தூண்டில் கயிற்றில் பாரமாகக் கட்டும் குண்டு வார்க்க, குசினிக்குப் பின்னால் அப்பா பழைய பட்டரி ஈயத்தைச் சட்டியில் உருக்கி ஊற்ற, அச்சை நான் பிடித்திருந்தேன். அச்சுக்குள் ஈரம் இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. ஈயம் உருகுவது 327 பாகை செல்சியஸில். பட்டதும் ஈரம் ஆவியாகி, குழம்பு வெடித்துச் சிதறியது. என் காயம் ஆறிவிட்டது. ஆனால் ஈயம் உருக்கிய சாம்பல் விழுந்த முற்றத்தில்தான் தங்கச்சி தவழ்ந்தாள். பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு ஈயம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

இத்தனை பாடுபட்டு வார்க்கும் குண்டாவது சரியான வடிவில் இருக்கிறதா? எல்லாக் கடலுக்கும் ஒரே உருண்டையைத்தான் கட்டுகிறோம். மணல் தரையில் உருண்டை நீரோட்டத்தோடு உருண்டு போய்விடும். கூம்பின் விளிம்பு மணலில் புதைந்து நிற்கும். வடமராட்சிப் பக்கச் சுண்ணாம்புப் பாரில், அதாவது கடலடிப் பாறையில், அதே விளிம்பு பொந்துக்குள் மாட்டிக்கொள்ளும். அங்கே மேல்பக்கம் ஒடுங்கிய, வழுவழுப்பான பேரிக்காய் வடிவம்தான் வேண்டும். குண்டைத் தனியாக மெல்லிய தங்கூசியில் (நைலோன் நூலில்) கட்டினால், மாட்டினாலும் குண்டு மட்டும் அறும், தூண்டில் கைக்கு வரும்.

ஈயத்துக்குப் பதிலாக இரும்பையும் யோசியுங்கள். 100 கிராம் ஈயம் கடல்நீருக்குள் ஏறக்குறைய 91 கிராம் பாரம் காட்டும், இரும்பு 87, கருங்கல் 62 அளவில். இரும்பு கொஞ்சம் பருமன், அதனால் நீரோட்டம் அதைக் கூடுதலாக இழுக்கும். ஆழம் குறைந்த பரவைக்கடலுக்கு அது பெரிய குறையில்லை. அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் 1987இல் பிரித்தானியா தூண்டிலுக்கான சிறு ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தது. மண்டைதீவுப் பக்கம் பூநாரைகள் மேய்வதும் சேற்றில்தான்.

அறக்குளா மீனுக்கு இழுக்கும் பொய்யிரைக்கும் (மீன் போலச் செய்த போலி இரைக்கும்) இதே கவனம் வேண்டும். அதன் முகப்பிலுள்ள தகடு உடலோடு நேராக நீண்டிருந்தால் ஆழம் இறங்கும், செங்குத்தாகத் தொங்கினால் மேலேயே ஓடும். வயிற்றடியில் பாரம் இல்லாவிட்டால் கவிழும்.

சங்கத்துக்கு மூன்று நல்ல அச்சுகளும், வீடுகளுக்குத் தள்ளி, காற்றோட்டமான ஒரு கொட்டிலும் போதும். அடுத்த கூட்டத்தில் இதை எடுங்கள். என்னிடமுள்ள பேரிக்காய் அச்சை நான் கொண்டுவந்து தருகிறேன்.

பாசையூர்த் தொழிலாளி ஒருவன்