காவ்யா சேரப்போகும் கல்லூரி பற்றி

டஸ்கலூசா, அலபாமா

அன்புள்ள வசந்தி,

உன் மூட்டுவலி குறைந்தது அறிந்து நிம்மதி. காவ்யாவுக்கு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சொராரிட்டியில் சேரலாமா என்று அவள் கேட்பதாக எழுதியிருந்தாய்.

அது மாணவியர் சங்கம். பெயர் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். ஆகஸ்டு வெயிலில் புது மாணவிகள் ஒப்பனை கலையாதபடி கையடக்க மின்விசிறியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் தூண் வைத்த சங்க மாளிகைகளின் முன் வரிசையில் நிற்பார்கள். கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் கைதட்டிப் பாடி வரவேற்பார்கள். கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் படலம்தான். சிரித்துப் பேசுவது கூடத்தில், முடிவெடுப்பது உள்ளறையில்.

அந்த உள்ளறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 2013 செப்டம்பரில் இங்குள்ள மாணவர் பத்திரிகை 'கிரிம்சன் வைட்' ஒரு செய்தி வெளியிட்டது. கறுப்பினப் பெண் ஒருத்தி. பள்ளியில் மிக உயர்ந்த மதிப்பெண், பல்கலைக்கழகத்தோடு குடும்பத்துக்குப் பழைய தொடர்பு. வெள்ளையரின் சங்கம் ஒன்றுகூட அவளை அழைக்கவில்லை. அவளைச் சேர்த்துக்கொள்ள விரும்பிய மாணவிகள் இருந்தார்கள், வசந்தி! குறுக்கே நின்றவர்கள் படித்து முடித்துப்போன பழைய உறுப்பினர்கள். அந்தச் சங்கங்களில் ஒன்றைச் சேர்ந்த மாணவி துணிந்து தன் பெயரோடே அதைப் பத்திரிகையிடம் சொன்னாள்.

அவர்கள் கையில் இருந்த கருவி பரிந்துரைக் கடிதம். பழைய உறுப்பினர் ஒருவர் எழுதித் தர வேண்டும். தாயையும் பாட்டியையும் வாசலிலேயே நிறுத்திய சங்கத்தில் அந்தப் பெண்ணுக்குக் கடிதம் தர யார் இருப்பார்கள்? நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதே இல்லை, விதியே வேலையை முடித்துவிடும். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. 1963 ஜூன் 11 அன்று அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், சேர வந்த கறுப்பின மாணவர் இருவரை மறித்து நின்றதும் இதே வளாகத்தில்தான்.

செய்தி வந்த அடுத்த வாரமே மாணவர்களும் பேராசிரியர்களும் நூலகப் படிகளிலிருந்து நிர்வாகக் கட்டடம் வரை ஊர்வலம் போனார்கள். சங்கங்களின் சேர்க்கையை மீண்டும் திறக்க உத்தரவிட்ட பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர், 11 கறுப்பின மாணவிகளுக்கு அழைப்பு போயிருப்பதாகச் சில நாட்களில் அறிவித்தார். பிறகு, 2020ஐ ஒட்டி, உறுப்பினரின் மகள், தங்கை என்ற முன்னுரிமையைப் பல சங்கங்கள் நாடு முழுவதுமே கைவிட்டன. பரிந்துரைக் கடிதமும் பல இடங்களில் கட்டாயமில்லை என்றாயிற்று.

கறுப்பினப் பெண்களுக்கென்று சொந்தச் சங்கங்கள் இருக்கின்றனவே என்பார்கள். உண்மைதான். 1908இல் ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெருமைக்குரியது. கமலா ஹாரிஸ் அதில் வந்தவர். ஆனால் ஒருத்தி விரும்பி அங்கே போவது வேறு, இங்கே கதவை அடைத்துவிட்டு அங்கே போ என்பது வேறு.

காவ்யாவைத் தடுக்காதே. ஆசை இருந்தால் வரிசையில் நிற்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் யார் வாக்களிக்கிறார்கள், பழைய உறுப்பினர்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்று மட்டும் நேராகக் கேட்கச் சொல். பெயரைப் பதிவு செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசட்டும். அவள் வரும் விமானத்தின் விவரம் எழுது, நானே போய் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
சரோஜா